தியானமும் ‘நான்’ என்னும் உணர்வும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாகத் தீவகம் செல்வோர் அல்லைப்பிட்டியைக் கடந்து வேலணையை அடைவர். ஒல்லாந்தர் லைடன் எனப் பெயரிட்டு வழங்கிய அத்தீவின் கடற்கரையிலே சாட்டி என்னும் இடம் உளது. வெண்மணற் பரப்பும், ஆழமில்லாத கடலும், உவர் நிலத்தின் நடுவே நன்னீர் தரும் கிணறுகளும் அவ்விடத்துக்குப் பெயர் தந்தன. அயலூர்க் கோயில்களின் தீர்த்தத் திருவிழாவுக்கு மக்கள் திரளும் கரையும் அதுவே.

தீர்த்தமாடிய ஒருவர் ஈர வேட்டியோடு கரையேறி, மணலில் அமர்ந்து, சற்று நேரம் கண்களை மூடிக்கொள்கிறார் என வைத்துக்கொள்வோம். வீட்டுக் கவலை, கடன், நேற்றைய சண்டை, நாளைய பயணம் ஆகியன ஒவ்வொன்றாக வந்து போகின்றன. பின்னர் சிறிது நேரம் அவையும் ஓய்கின்றன. அவ்வேளையில் ‘நான்’ என்று ஓயாது சொல்லிக்கொண்டிருந்த ஒன்றும் அடங்கியதாக அவர் உணர்வாராயின், அடங்கியது யாது? அடங்கியதை அறிந்தது யாது? மிகப் பழைய வினாக்கள் இவை. கடந்த நூறாண்டுகளில் இவ்வினாக்கள் கோயிலையும் மடத்தையும் கடந்து ஆய்வுகூடத்துக்குட் புகுந்த வரலாறு சுவையானது. எண்ணிப் பார்க்கத் தக்கதுமாகும்.

தீவகத்திலேயே இவ்வினாவுக்கு இரண்டு விடைகள் அருகருகே நிற்கின்றன. வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குச் சென்று, குறிகாட்டுவான் துறையிற் படகேறினால் நயினாதீவை அடையலாம். அங்கே நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் ஒரே கரையில் உள்ளன. சைவரும் பௌத்தரும் ஒரே படகில் இறங்கி, தத்தம் வழிபாட்டிடங்களுக்குச் செல்வர். ஆனால் ‘நான்’ என்பது யாது என்று கேட்டால், இரு சமயங்களும் வேறு வேறு விடை கூறும். உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐந்து கந்தங்களின் கூட்டத்தையே மனிதர் ‘நான்’ என்று மயங்குகின்றனர் என்றும், அக்கூட்டத்துக்கு அப்பால் நிலையான ஆன்மா இல்லை என்றும் பௌத்தம் கூறும். மணிமேகலைக் காப்பியத்தில் வரும் மணிபல்லவத்தை நயினாதீவு என்று கொள்ளும் அறிஞர் உளர். அம்மணிபல்லவத்திலேதான் மணிமேகலை புத்த பீடிகையைக் கண்டு, தன் பழம் பிறப்பை உணர்ந்தாள் என்பது கதை. ‘நான் யார்’ என்னும் வினா தமிழிலக்கியத்திலே தீவு ஒன்றோடு சேர்த்து எழுப்பப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

சைவ சித்தாந்தம் உயிர் உண்டு என்று நிலைநாட்டும். 13 ஆம் நூற்றாண்டிலே திருவெண்ணெய்நல்லூரில் விளங்கிய மெய்கண்டதேவரின் சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களைக் கொண்டது. அவற்றுள் மூன்றாம் சூத்திரம் உயிர் உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்கிச் சொல்கிறது. உடல் உயிரன்று, புலன் உயிரன்று, மூச்சு உயிரன்று என ஒவ்வொன்றாக விலக்கிச் செல்லும்போது, விலக்குகின்ற அறிவு ஒன்று எஞ்சி நிற்கின்றதே, அதுவே உயிர் என்பது ஒரு காரணம். என் கை, என் உடல் என்று ஒருவர் கூறும்போது, கூறுகின்றவர் கையின் வேறாகவும் உடலின் வேறாகவும் நிற்கின்றார் என்பது மற்றொரு காரணம். இவ்வாறு ஒரு கரையிலே இல்லை என்பாரும் உண்டு என்பாருமாக இரு திறத்தாரின் வழக்கு நூற்றாண்டுக் கணக்கில் நடந்து வருகிறது.

இவ்வழக்கிலே இருபதாம் நூற்றாண்டில் மூன்றாவது சாட்சி ஒன்று வந்து சேர்ந்தது. அது கருவி.

ஜேர்மனி நாட்டின் யேனா நகரிலே உளமருத்துவராக விளங்கியவர் ஹான்ஸ் பேர்கர். இளமையில் இராணுவப் பயிற்சி பெற்ற காலத்தில் அவர் குதிரையிலிருந்து விழுந்து, மயிரிழையில் உயிர் தப்பினார். அதே நாளிலே, தொலைவில் இருந்த அவருடைய தமக்கைக்குத் தம்பிக்கு ஏதோ தீங்கு நேர்ந்ததென்று மனம் பதற, தந்தை தந்தி அனுப்பிக் கேட்டார். எண்ணம் ஒரு தலையிலிருந்து மற்றொரு தலைக்கு எவ்வாறு சென்றது என்னும் வியப்பே பேர்கரை மூளை ஆராய்ச்சிக்குத் தூண்டியது. தேடியது அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் தேடிய வழியிலே வேறொன்று கிடைத்தது. 1924 ஆம் ஆண்டு மனிதத் தலையிலிருந்து மூளையின் மெல்லிய மின்னோட்டத்தை அவர் முதன்முதலாகப் பதிவுசெய்தார். 1929 இல் அதனை உலகுக்கு அறிவித்தார். ஒருவர் கண்களை மூடி அமைதியாக இருக்கும்போது, செக்கனுக்கு ஏறத்தாழ 8 முதல் 13 வரையான ஒழுங்கான அலைகள் எழுகின்றன. கண்ணைத் திறந்தாலும், திடீரென ஓசை கேட்டாலும் அவை கலைந்து போகின்றன. இவற்றை அல்பா அலைகள் என வழங்குவர். கண்மூடி அமைதியாக இருத்தலுக்கு உடலிலே ஓர் அடையாளம் உண்டு என்பது இதனாற் புலப்பட்டது.

அடுத்து, கருவிகள் யோகியரைத் தேடிப் புறப்பட்டன. 1935 இல் பிரான்சு நாட்டு இதய மருத்துவர் தெரேஸ் புரோஸ் அம்மையார் இதயத் துடிப்பைப் பதியும் கருவியோடு இந்தியாவுக்கு வந்தார். யோகி ஒருவர் தம் இதயத்தை ஏறக்குறைய நிறுத்திக் காட்டினார் என்னும் செய்தி அவருடைய பதிவுகளால் மேல்நாடெங்கும் பரவியது. 1955 இல் தாஸ் என்பாரும் மார்செய் நகரத்து மருத்துவர் கஸ்தோவும் கல்கத்தாவிலே யோகப் பயிற்சியுடையோரின் மூளை அலைகளைப் பற்றி எழுதினர். ஆழ்ந்த தியானத்தில் அலைகள் தணியாது, விரைந்து எழுந்தன என்பது அவர்கள் கூற்று.

பின்னர் அமெரிக்காவிலிருந்து வெங்கர், பாக்சி என்னும் இருவர் வந்தனர். பாசு குமார் பாக்சியின் வாழ்க்கை வரலாறே ஒரு கதை போன்றது. இளமையில் அவர் பரமஹம்ச யோகானந்தரோடு சேர்ந்து துறவு பூண்டு, தீரானந்த சுவாமி என்னும் பெயரோடு அமெரிக்கா சென்றவர். பின்னர் காவியைக் களைந்து உளநூல் கற்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்திலே மூளை மின்னலை ஆய்வாளரானார். தாம் துறந்த துறவின் உண்மையை அளப்பதற்குக் கருவிகளைச் சுமந்துகொண்டு அவர் தாய்நாடு திரும்பினார். அவர்களோடு தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் உடற்றொழிலியற் பேராசிரியர் பால் கிருஷ்ண ஆனந்தும் இணைந்தார். இதயத்தையும் நாடியையும் நிறுத்த வல்லோம் என்றவர்களை அவர்கள் ஆராய்ந்தனர். 1961 இல் வெளிவந்த முடிவு தெளிவானது. மூச்சை அடக்கி மார்பையும் வயிற்றையும் இறுக்கியபோது, இதயத்துக்குத் திரும்பிவரும் குருதி குறைந்தது. நாடி விரலுக்குப் புலப்படவில்லை. இதய ஒலி செவிக்கு எட்டவில்லை. ஆயினும் இதயத்தின் மின்துடிப்பு கருவியிலே இடையறாது பதிவாகிக்கொண்டிருந்தது. இதயம் நிற்கவில்லை. கூட்டத்தை வியக்கச் செய்த வித்தை ஒன்றின் திரை அன்று விலகியது.

ஆனால் அதே ஆண்டிலே, அதே கழகத்திலிருந்து, வேறொரு முடிவும் வெளிவந்தது. ஆனந்தும் அவருடைய உடனாய்வாளர் சீனா, சிங் ஆகியோரும் தியானத்தில் அமர்ந்த யோகியர் நால்வரின் மூளை அலைகளைப் பதிவுசெய்தனர். நால்வரிடத்தும் அல்பா அலைகள் நிலைத்து நின்றன. தியானத்தின்போது பேரொலி எழுப்பியும், ஒளியைப் பாய்ச்சியும், சூடான கண்ணாடிக் குழாயாற் தொட்டும் பார்த்தனர், அவ்வலைகள் கலையவில்லை. தியானத்தில் இல்லாத வேளையிலோ, பிற மனிதருக்குப் போலவே அவை கலைந்தன. வேறு இருவர், வெப்பம் 4 பாகை அளவேயான குளிர்நீரிலே முக்கால் மணி நேரத்துக்கு மேல் கையை அமிழ்த்தி வைத்திருந்தபோதும் அவர்களிடத்தில் அல்பா அலைகள் மாறவில்லை. இதயத்தை நிறுத்தும் வித்தை பொய்த்தது. உள்ளத்தை நிறுத்தும் பயிற்சிக்கோ ஓர் அடையாளம் கிடைத்தது. வித்தையையும் பயிற்சியையும் பிரித்துக் காட்டியதே 1961 ஆம் ஆண்டு ஆய்வுகளின் பெரும் பயன் எனலாம்.

ஐந்தாண்டுகளின் பின், 1966 இல், யப்பானிய மருத்துவர்களான கசமத்சுவும் ஹிராயும் சென் பௌத்தத் துறவியரை ஆராய்ந்து எழுதினர். கண்கள் பாதி திறந்திருந்தபோதும் அத்துறவியரிடத்தில் அல்பா அலைகள் எழுந்தன. பயிற்சி முதிர்ந்தோரிடத்தில் அவற்றினும் மெதுவான அலைகள் தோன்றின. ஒரே ஓசையைத் திரும்பத் திரும்பக் கேட்பின் சாதாரண மனிதரின் மூளை விரைவிலே பழகி, அதனைப் பொருட்படுத்தாது விடும். சென் துறவியரின் மூளையோ ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பது போல அவ்வோசையை ஏற்றது. உலகை மறந்து உள்ளே ஒடுங்குவது யோகம், உலகை உள்ளவாறு காண்பது சென் என இரண்டு நெறிகளின் வேறுபாட்டையும் கருவியே காட்டிவிட்டது என்று பலர் மகிழ்ந்தனர். ஆனால் அம்மகிழ்ச்சி நிலைக்கவில்லை. 1981 இல் பெக்கர், ஷபிரோ என்னும் இருவர் மீண்டும் ஆராய்ந்தபோது அவ்வேறுபாடு புலப்படவில்லை. சிலரை மட்டும் ஆராய்ந்து பெற்ற முடிவை மனித இனம் முழுமைக்கும் உரியதாகக் கொள்ளலாகாது என்பதை அது நினைவூட்டியது.

அலைகளை அளந்த காலம் வரையில் ஆய்வாளரின் வினா, தியானத்தின்போது மூளை எவ்வாறு இருக்கிறது என்பதே. ‘நான்’ என்னும் உணர்வு எங்கே எழுகிறது என்னும் வினா, மூளையின் உட்பகுதிகளிற் குருதி பாய்வதைப் படம்பிடிக்கும் கருவிகள் வந்த பின்னரே வலுப்பெற்றது. மனித மூளை உடலின் நிறையில் நூற்றுக்கு 2 பங்கு அளவே ஆயினும், உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 20 பங்கைக் கொள்கிறது. கடினமான கணக்கைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் அச்செலவு பெரிதும் மாறுவதில்லை. ஆயின், ஒன்றும் செய்யாதபோது மூளை எதற்காக அவ்வளவு செலவு செய்கிறது? அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரத்து ஆய்வாளர் மார்க்கஸ் ரைக்கிளும் அவர்தம் குழுவினரும் 2001 இல் இதற்கு விடை தேடினர். மனிதர் ஒரு வேலையிலும் ஈடுபடாதபோது மிகுந்து தொழிற்பட்டு, வேலையில் இறங்கியதும் தணிகின்ற மூளைப் பகுதிகள் சில உள என அவர்கள் காட்டினர். பழையதை நினைத்தல், வரப்போவதைக் கற்பித்தல், பிறர் தம்மைப் பற்றி என்ன எண்ணுவர் என்று எண்ணுதல் ஆகிய ‘தன்’னைப் பற்றிய எண்ணங்களோடு அப்பகுதிகளுக்குத் தொடர்பு உண்டு என்பது பின்னைய ஆய்வுகளாற் தெரியவந்தது.

இதனைத் தமிழர் தம் மொழியிற் சொல்வதாயின், சும்மா இருக்கும் மூளை சும்மா இருப்பதில்லை எனலாம். சும்மா இருத்தலே யாவற்றினும் அரிய செயல் என்று அருணகிரிநாதர் முதல் தாயுமானவர் வரை உணர்ந்தோர் கூறியதும் இதனையே. 2011 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜட்சன் புரூவரும் பிறரும் நெடுநாட் தியானப் பயிற்சி உடையோரைப் புதியவரோடு ஒப்பிட்டனர். பயிற்சி உடையோரிடத்தில் மேற்கூறிய பகுதிகளின் தொழிற்பாடு குறைந்திருந்தது. ஆராயப்பட்டோர் தொகை சிறிது. எல்லாத் தியானமும் ஒரே தன்மையது அன்று. திபெத்தியத் துறவியர் அருளுணர்வைப் பெருக்கித் தியானித்தபோது, மிக விரைவான காமா அலைகள் ஓங்கி எழுந்தன என 2004 இல் விஸ்கொன்சின் ஆய்வாளர் கண்டிருந்தனர். ஆகவே அடங்குவதும் ஒரு தியானம், பொங்குவதும் ஒரு தியானம்.

‘நான்’ இங்கே இருக்கிறேன் என்னும் இடவுணர்வும் மூளையின் ஒரு செயலே என்பதற்கு 2002 இல் ஒரு சான்று கிடைத்தது. சுவிற்சர்லாந்து மருத்துவர் ஓலாப் பிளாங்கேயும் அவர்தம் குழுவினரும் வலிப்பு நோயாளர் ஒருவரின் மூளையை நோயின் பொருட்டு ஆராய்ந்தனர். வலப்பக்கத்தில், காதுக்குச் சற்று மேலும் பின்னுமாக உள்ள ஒரு பகுதியை மின்னாற் தூண்டியபோது, நோயாளர் தாம் மேலே மிதந்து, கட்டிலிற் கிடக்கும் தம் உடலைக் கீழ்நோக்கிக் காண்பதாகக் கூறினார். உடலுக்குள் ‘நான்’ இருக்கிறேன் என்னும் உறுதியைச் சிறியதொரு மின்தூண்டல் குலைத்துவிட்டது.

இவ்வளவையும் கேட்ட பின், ‘நான்’ என்பது மூளையின் விளையாட்டு, உயிர் என ஒன்றில்லை என்று முடிவுகட்டுவாரும் உளர். அம்முடிவுக்கு அஞ்சி, ஆய்வையே வெறுப்பாரும் உளர். இரு திறத்தாரும் சித்தாந்த நூலார் வகுத்த ஒரு பாகுபாட்டை நோக்குதல் நன்று. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் நான்கையும் அவர்கள் அந்தக்கரணங்கள் என்றனர். கரணம் என்பதற்குக் கருவி என்பது பொருள். ‘நான்’ என்றும் ‘எனது’ என்றும் எழுகின்ற எழுச்சியை அவர்கள் உயிரென்று கொள்ளவில்லை. அகங்காரம் என்று பெயரிட்டு, மாயையிற் தோன்றிய சடமாகிய கருவிகளின் வரிசையிலே வைத்தனர். உயிரோ, சார்ந்ததன் வண்ணமாய் நிற்பது. செம்மலரின் அருகில் வைத்த பளிங்கு செந்நிறமாவது போல, அக்கருவிகளைச் சார்ந்து அவையே தானென மயங்குவது. ஆகவே ‘நான்’ என்னும் எழுச்சி மூளையின் ஒரு பகுதியோடு பிணைந்தது என்று ஆய்வாளர் கூறினால், சித்தாந்தி திகைக்கமாட்டார். அளக்கப்பட்டது அகங்காரம், அளப்பாரின் அறிவு அளவையிற் சிக்கவில்லை என்பார். நயினாதீவு விகாரையிற் பிக்குவிடம் அதே படத்தைக் காட்டினால், உள்ளே ஒருவரும் இல்லை என்று புத்தர் பெருமான் கூறியதற்கு இதுவும் ஒரு சான்று என்பார். ஒரே கோட்டை இருவரும் இருவகையாகப் படிப்பர். பொய் வித்தையைப் பொய்யென்று காட்டும் வலிமை கருவிக்கு உண்டு. பயிற்சியின் சுவட்டைப் பதியும் வலிமையும் உண்டு. இவ்வழக்கைத் தீர்க்கும் வலிமை அதற்கு இல்லை. அக்கருவி சாட்சி மட்டுமே, நீதிபதி அன்று.

யாழ்ப்பாணத்து ஞானிகளின் மரபும் இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமிகள், தாம் ஒன்றும் அறியோம் என்பதைத் தம் வாசகங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தார். அவருடைய மாணவர் யோகர் சுவாமிகள் 1872 இற் பிறந்து, கிளிநொச்சியிலே நீர்ப்பாசனப் பகுதியிற் களஞ்சியக் காப்பாளராகப் பணிபுரிந்து, பின்னர் கொழும்புத்துறைக் குடிலில் நெடுங்காலம் வாழ்ந்து, 1964 இற் சமாதியடைந்தவர். அவர் சித்து வித்தை காட்டிக் கூட்டம் சேர்க்கவில்லை. தம்மை நாடி வந்தவர்களைத் தம் தொழிலை ஒழுங்காகச் செய்யுமாறும், தன்னை அறியுமாறும் ஏவினார். அறியோம் என்று சொல்லத் துணிந்த அம்மரபுக்கும், 1981 இல் முன்னையோர் முடிவைத் திருத்தத் துணிந்த ஆய்வு மரபுக்கும் இடையே ஓர் உறவு உண்டு. இரண்டும் அறியாததை அறிந்ததாகக் காட்டுவதற்கு நாணின.

இவ்வினா வெறும் வாதத்துக்கு உரியதன்று என்பதைத் தீவக மக்கள் தம் வாழ்விலே கண்டனர். 1990, 1991 ஆம் ஆண்டுகளிற் போர் தீவகத்தைச் சூழ்ந்தபோது, மக்களிற் பெரும்பாலோர் வீடும் வளவும் விட்டு வெளியேறினர். ஊர், உறவு, தொழில், கோயில் ஆகியவற்றோடு பிணைந்தே ஒருவரின் ‘நான்’ வளர்கிறது. அவை ஒருநாளிற் பறிபோகும்போது, உடல் தப்பினாலும் உள்ளம் சிதறுகிறது. யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம் அச்சிதைவை நேரிற் கண்டு, 1998 இல் ஆங்கிலத்தில் ஒரு நூலாக எழுதினார். மருந்தோடும் ஆறுதற் சொல்லோடும், மக்களுக்கு முன்னமே பழக்கமான அமைதிப் பயிற்சிகளையும் அவர் கைக்கொண்டார். மூச்சை நிதானித்தல், உடலைத் தளர்த்திக் கிடத்தல், திருநாமத்தைச் செபித்தல் என்பன அவை. சைவருக்கு அவர்தம் மந்திரம், கத்தோலிக்கருக்கு அவர்தம் செபம், முஸ்லிம்களுக்கு அவர்தம் திக்கிர், பௌத்தருக்கு அவர்தம் சரணம் என அவரவர் மரபுக்கு இசையவே அவை கற்பிக்கப்பட்டன. உயிர் உண்டா இல்லையா என்னும் வழக்குத் தீரும் வரை, இரவில் உறக்கமின்றித் துடித்தவர்கள் காத்திருக்க முடியாதன்றோ?

அதே வேளையில், தியானம் எல்லார்க்கும் எப்போதும் நன்மையே செய்யும் என்று கொள்வதும் தவறாகும். நீண்ட தனிமைத் தியானத்திலே அச்சமும், தம்மையே தமக்கு அந்நியமாகக் காணும் கலக்கமும் சிலருக்கு எழுந்தமையை அண்மைக்கால ஆய்வாளர் பதிவுசெய்துள்ளனர். கடும் உளநோய் உடையோர் மருத்துவரின் அறிவுரையின்றி இதிற் புகலாகாது. குருவின்றி யோகம் பயிலலாகாது என்று முன்னோர் விதித்ததன் பொருளும் இதுவே. ‘நான்’ என்பது தளர வேண்டிய கட்டாக ஒருவருக்கு இருக்கலாம். போரில் யாவற்றையும் இழந்த மற்றொருவருக்கோ அது மீண்டும் கட்டியெழுப்பப்பட வேண்டிய வீடாக இருக்கலாம்.

சாட்டிக் கிணறுகளின் நன்னீர், கீழே நிற்கும் உவர்நீரின்மேல் மெல்லிய படையாகத் தங்கியிருப்பது. அளவறிந்து இறைப்போருக்கு அது குடிநீர். பொறுமையின்றி இறைத்தால் உவர் மேலெழும். தீவக மக்கள் இதனை ஆய்வுகூடம் சென்று கற்கவில்லை. ஆயினும் பிற்கால நீரியல் அறிஞரின் அளவைகள் அவர்தம் அனுபவத்தைப் பொய்யாக்கவில்லை, விளக்கின. தியானத்துக்கும் மூளையாய்வுக்கும் உள்ள உறவும் அத்தகையதே. கரையிற் கண்மூடி இருந்தவர் எழுந்து, ஈரம் உலர்ந்த வேட்டியோடு வீடு திரும்புகிறார். அவர் தலையிலே எந்த அலை எழுந்தது என்பதைக் கருவி சொல்லும். அடங்கியது யாது, அதனை அறிந்தது யாது என்பதை அவரே விசாரித்து அறிதல் வேண்டும்.